ராமநாதபுரம் கடற்கரையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு: வெளியில் சாப்பிட ஒரு முழு வழிகாட்டி

ஐஸ் பிளான்ட் கம்ப்ரசர் பழுது பார்ப்பது என் வேலை. மாதத்தில் பத்து நாளாவது மதுரையிலிருந்து கிளம்பி, தொண்டிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் எங்காவது கிடப்பேன். மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடுதான். வந்த புதிதில், மதுரையில் சாப்பிடுகிற மாதிரியே இங்கும் சாப்பிடலாம் என்று நினைத்தேன். மதுரையில் நடு ராத்திரியிலும் இட்லி கிடைக்கும். இங்கே மதியம் மூன்றேகாலுக்குப் போய் உட்கார்ந்தால், டேபிளைத் துடைத்துக்கொண்டே "சாப்பாடு முடிஞ்சுருச்சு சார், புரோட்டாவுக்கு ஆறரை ஆகும்" என்பார்கள். அந்த மூன்று மணி நேரத்தை பிஸ்கட்டில் ஓட்டிய நாட்கள் நிறைய.

இந்தக் கரையில் சாப்பாட்டு நேரத்தை வகுப்பவை மூன்று: படகு கரைக்கு வரும் நேரம், கோயில் நடை சாத்தும் நேரம், பள்ளிவாசல் பாங்கு. இவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மெனு கார்டை அதற்கப்புறம் பார்க்கலாம். பல கடைகளில் அது கிடையாது என்பது வேறு விஷயம்.

படி 1: கிளம்பும் முன் கிழமையைப் பாருங்கள்

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. போன படகு மறுநாள் காலை கரை சேரும். அதாவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் துறைமுகத்தில் மீன் இறங்குகிறது. மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன் வரும். அளவு குறைவு, ஆனால் பெரும்பாலும் அது இன்னும் புதிதாக இருக்கும். உங்கள் வேலையை நீங்களே திட்டமிட முடியுமென்றால், தீவுப் பக்க வேலையைச் செவ்வாயிலோ வியாழனிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் நல்ல நாள்தான், ஆனால் அன்றைக்குச் சுற்றுலாக் கூட்டத்தில் உங்களுக்கு நாற்காலி கிடைப்பது கஷ்டம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீனும் வெளியூரிலிருந்து ஐஸில் வரும் மீனும்தான். அதிலும் மே மாதம் வருகிறவர் "ராமேஸ்வரம் வந்தும் நல்ல மீன் கிடைக்கவில்லையே" என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. தடைக்காலம் தவிர, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா நாட்கள், புயல் எச்சரிக்கை, மீனவர் கைதைக் கண்டித்து நடக்கும் வேலைநிறுத்தம் என்று படகு நிற்கும் நாட்கள் இன்னும் உண்டு. பஸ் ஏறும் முன் உள்ளூரில் தெரிந்த ஒருவரிடம் "போட்டு போயிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என் வழக்கம்.

இன்னொன்று. இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம். மீனவர்கள் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடக்குக் கடல் கலங்கும், கச்சான் (தென்மேற்குக்) காற்றுக் காலத்தில் தெற்குக் கடல். கார்த்திகை, மார்கழியில் தேவிபட்டினம் பக்கம் மீன் குறைந்திருந்தால் கீழக்கரை, ஏர்வாடி பக்கம் கேட்டுப் பாருங்கள். ஆனி, ஆடியில் தலைகீழ்.

படி 2: எந்த ஊரில் எந்த வேளை என்று முடிவு செய்யுங்கள்

ராமநாதபுரம் டவுனில் எதுவும் கிடைக்கும், எல்லா வேளையும் கிடைக்கும். தங்குவதற்கும் அதுதான் தோது. அங்கிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். கீழக்கரையும் தேவிபட்டினமும் இருபதுக்குள். காலை டிபனை டவுனில் முடித்துவிட்டுக் கிளம்புவது என் பழக்கம். கிராமத்து டீக்கடையில் எட்டரை மணிக்கு மேல் இட்லி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் பெரும்பாலும் சைவம்தான். வடக்கேயிருந்து வரும் யாத்ரீகர்களுக்காக ரொட்டி, தால், தாலி போடும் கடைகள் ஏராளம். அசைவம் வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்ட் பக்கமோ, பாம்பன், தங்கச்சிமடம் சாலையோரமோ போக வேண்டும். கவனிக்க வேண்டியது மதிய நேரம். கோயில் நடை ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத் திறக்கும். ஒரு மணிக்குத் தீர்த்தமாடிய ஈரத் துணியோடு மொத்தக் கூட்டமும் வெளியே வந்து நேராக ஹோட்டலில் ஏறும். நீங்கள் பன்னிரண்டரைக்குள் இலையில் உட்கார்ந்துவிட வேண்டும். தவறினால் இரண்டரைக்கு. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் தீவுக்குள் வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். தங்கும் அறையும் கிடைக்காது, தயிர் சாதமும் கிடைக்காது.

சாலைப் பாலத்தையும் கணக்கில் எடுங்கள். சனி, ஞாயிறுகளில் கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்க வண்டிகளைப் பாலத்தின் மேலேயே நிறுத்திவிடுவார்கள். மண்டபத்தில் நின்றுகொண்டு "பத்து நிமிஷத்தில் பாம்பன் போய்ச் சாப்பிடலாம்" என்று நினைத்து முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறேன். பசி வந்தால் பாலத்துக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ அந்தப் பக்கமே சாப்பிட்டுவிடுங்கள். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது, அதுவும் ஒரு வழி.

கீழக்கரைக்கு வெள்ளிக்கிழமை போகிறீர்கள் என்றால் ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடைத்தெருவில் பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும். தொழுகை முடிந்த அரை மணி நேரத்தில் எல்லாம் திறந்துவிடும், பிரியாணியும் சூடாக இருக்கும். ரமலான் மாதத்தில் பகல் சாப்பாட்டை ராமநாதபுரத்திலேயே முடித்துக்கொண்டு போங்கள். ஆனால் சாயங்காலம் திரும்ப அவசரப்படாதீர்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் நின்றால் நோன்புக் கஞ்சி உங்கள் கைக்கும் ஒரு டம்ளர் வரும். அரிசி, பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், கொஞ்சம் கறி. நாள் முழுக்க அம்மோனியா நெடியில் நின்றவனுக்கு அதைவிட இதமான சாப்பாடு நான் கண்டதில்லை. அப்புறம் கடைகள் நள்ளிரவு தாண்டியும் நடக்கும்.

ஏர்வாடியில் தர்காவைச் சுற்றி எந்நேரமும் ஏதாவது திறந்திருக்கும். தொண்டி, சாயல்குடி போன்ற ஊர்களில் மதியம் இரண்டு மணி என்பதைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியில் கீற்றுக் கொட்டகைகளில் மீன் பொரித்துத் தருவார்கள். அது மதியத்துக்கு மட்டும். இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும்.

படி 3: கடையைத் தேர்வது

போர்டைப் பார்க்காமல் வாசலைப் பாருங்கள். லாரி டிரைவர்களை மட்டும் நம்ப வேண்டாம், அவர்கள் வண்டி நிறுத்த இடம் இருக்கிற கடைக்குத்தான் போவார்கள். ஏலக் கடைக்காரரும், ஐஸ் ஏற்றுகிறவரும், பாங்க் ஊழியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடைக்குள் நம்பிக்கையோடு நுழையலாம். கை கழுவுமிடம் நாறினால் சமையல் கட்டும் அப்படித்தான்.

படி 4: மீன் கேட்பது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்.

உட்கார்ந்ததும் "வஞ்சிரம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். சென்னையிலிருந்து வருகிறவர் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதால், என்றைக்கும் ஃப்ரீசரில் அது இருக்கும். இங்கே அதற்குச் சீலா, நெய்மீன் என்று பெயர். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு மதியம் பாம்பனில் நான் கேட்டது இப்படி:

"அண்ணே, இன்னைக்குக் காலையில வந்தது என்ன?"

"விளமீன் இருக்கு தம்பி, நகரை இருக்கு. கணவாய் இப்பத்தான் வந்துச்சு."

"சீலா?"

அவர் என் சட்டையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தார். "ஐஸ் கம்பெனிக்காரரு நீங்களே கேக்கலாமா? அது முந்தாநாளு."

நகரை என்பது சின்னதாய்ச் சிவப்பாய் இருக்கும் மீன். பார்க்கச் சாதாரணம், ஆனால் குழம்பில் போட்டால் அதன் ருசியே தனி. சூடை, முரல், ஊளி, பாறை, காரல் என்று அன்றன்றைக்கு வருவது மாறும். பெயர் தெரியாத மீனைச் சொன்னால் தயங்காதீர்கள். விலையும் குறைவு, அதை யாரும் ஐஸில் போட்டு வைத்துக் காத்திருப்பதும் இல்லை.

அடுத்தது அந்தத் தட்டு. மிளகாய்ப் பொடி பூசிய மீன் துண்டுகளை ஒரு பெரிய தட்டில் அடுக்கி உங்கள் முன் நீட்டுவார்கள். பார்க்க நாக்கில் நீர் ஊறும். ஆனால் மசாலா பூசிய பிறகு மீன் பழசா புதுசா என்று கண்டுபிடிக்க எனக்கே தெரியாது. மசாலா பூசாத மீன் இருக்கிறதா என்று கேளுங்கள். கண் தெளிவாக வெளியே புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்ப வேண்டும். கண் குழிந்து, செவுள் பழுப்பாகியிருந்தால் அன்றைக்கு ரசமும் முட்டையும் போதும். காட்ட மாட்டேன் என்று யாரும் இங்கே கோபித்துக்கொண்டதில்லை. மீனைப் பார்த்து வாங்குவது இந்த ஊரில் மரியாதைக் குறைவு ஆகாது.

விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு விலை, பொரித்த மீனுக்குத் தனி விலை. அதுவும் துண்டின் அளவைப் பொறுத்து மாறும். நண்டு, சிங்கி இறால் எல்லாம் அன்றைய ஏல விலையை ஒட்டித்தான். தட்டைக் காட்டும்போதே "இது எவ்வளவுண்ணே?" என்று துண்டைத் தொட்டுக் காட்டிக் கேட்டால், பில் வரும்போது வாய் பிளக்க வேண்டியதில்லை. குழம்புக்குப் பெரும்பாலும் தனிக்காசு கிடையாது, ஆனால் துண்டு வேண்டுமா குழம்பு மட்டும் போதுமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலும் காசு ஒளிந்திருக்கிறது.

படி 5: எந்த மீனில் எச்சரிக்கை வேண்டும்

எட்டு வருஷம் முன்பு சாலையோரக் கடை ஒன்றில் சூரை மீன் பொரியல் சாப்பிட்டேன். வாயில் வைத்ததும் மிளகு கடித்த மாதிரி ஒரு சுருக். காரம் என்று நினைத்து முழுவதையும் முடித்தேன். அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, காது சூடாகி, உடம்பெல்லாம் அரித்தது. தலைவலி வேறு. எனக்கு மீன் ஒவ்வாமை வந்துவிட்டதென்று பயந்து ஒரு மாதம் மீனையே தொடவில்லை.

அது ஒவ்வாமை இல்லை. சூரை, சீலா, கானாங்கெளுத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். பிடித்த மீனை உடனே ஐஸில் போடாவிட்டால் பாக்டீரியா அதை, இந்த அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். மாறியது மாறியதுதான். எண்ணெயில் கொதிக்க வைத்தாலும் அழியாது, ஃப்ரீசரில் போட்டாலும் போகாது. என் தொழிலில் ஒரு கணக்குச் சொல்வோம்: வெயில் ஊரில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். அந்தக் கணக்கில் படகிலோ வண்டியிலோ யாராவது கை வைத்துவிட்டால், கடைக்காரர் எவ்வளவு சுத்தமாகச் சமைத்தாலும் பலனில்லை.

ஆகவே, இந்த மீன்களைக் காலையில் வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சாப்பிடுங்கள். நாக்கில் மிளகு மாதிரி சுருக்கென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முகம் சிவந்து அரித்தால் மருத்துவமனைக்குப் போவது நல்லது. மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இரவு ஒன்பது மணிக்கு மேல் பொரித்த மீனை நான் கேட்பதே இல்லை. மதியத் தட்டில் மிச்சமிருந்ததுதான் அது.

கடலாமைக் கறி என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

படி 6: தண்ணீரும் காரமும்

இந்த மாவட்டத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. அதில் போட்ட டீ ஒரு மாதிரி இருக்கும். முதல் தடவை குடிப்பவர் பால் கெட்டுவிட்டதென்று சண்டைக்குப் போவார். கேன் தண்ணீரில் டீ போடும் கடை எது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டால் உடனே சொல்வார். குடிக்க வெந்நீர் கேளுங்கள், அல்லது பாட்டில். சர்பத், ரோஸ்மில்க்கில் போடும் உடைத்த ஐஸ் வேண்டாம். மீனுக்கென்று வார்த்த ஐஸ் கட்டியை நான் பார்த்திருக்கிறேன், அது குடிக்கிற தண்ணீரில் வார்த்ததில்லை. பதிலுக்கு சீசனில் பதநீரும் நுங்கும் சாலையோரம் கிடைக்கும்.

காரத்துக்குக் காரணம் இங்கே விளையும் முண்டு மிளகாய். உருண்டையாக, தோல் தடித்து இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. குழம்பில் அது தெரியாது, ஒரு மணி நேரம் கழித்து வயிற்றில் தெரியும். முதல் நாளே குழம்பு, நண்டு மசாலா, கொத்துப் புரோட்டா என்று மூன்று வேளையும் அடிக்காதீர்கள். மறுநாள் யார் கம்ப்ரசரைத் திறப்பது?

படி 7: வாடிக்கையாளரோடு சாப்பிடும்போது

வாடிக்கையாளர் "வாங்க, சாப்பிட்டுட்டுப் பேசுவோம்" என்றால் மறுக்காதீர்கள். ஆனால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். போட் ஓனர்கள் சாப்பிடும்போது விலை பேச மாட்டார்கள். கை கழுவி, டீ வந்த பிறகு ஒரே வாக்கியத்தில் முடிப்பார்கள். இலையில் நீங்கள் பேச்சை எடுத்தால் "முதல்ல சாப்பிடுங்க சார்" என்று இன்னொரு மீன் வைப்பார்கள். யார் காசு கொடுப்பது என்று கல்லாவில் இழுபறி வேண்டாம். உள்ளூர்க்காரர் இருக்கும்போது கடைக்காரர் உங்களிடம் வாங்கவே மாட்டார்.

கீழக்கரையில் வீட்டு விருந்துக்கோ கல்யாணத்துக்கோ கூப்பிட்டால் சஹன் சாப்பாடாக இருக்கலாம். ஒரு பெரிய தட்டில் நெய்ச்சோறு, கறி எல்லாம் வைத்து மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். உங்களுக்கு எதிரே இருக்கும் பகுதியில் மட்டும் கை வையுங்கள், நடுவில் இருக்கும் கறியை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரே நல்ல துண்டை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். முதல் தடவை எனக்குக் கூச்சமாக இருந்தது. "காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), எனக்குத் தனித்தட்டு..." என்று இழுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டுக் கொண்டுவரச் சொன்னார். கேட்டால் தருவார்கள், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். நான்தான் அடுத்த தடவை கேட்கவில்லை. வட்டிலாப்பம் வந்தால் வயிற்றில் இடம் வைத்திருங்கள்.

படி 8: சைவர்களும், தனியாகப் போகிற பெண்களும்

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் ராமநாதபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் கவலைப்பட வேண்டாம். நடுவில் உள்ள ஊர்களில்தான் சிரமம். அசைவக் கடையில் தோசை கேட்டால் முட்டை ஊற்றிய அதே கல்லில்தான் வரும். அது பரவாயில்லை என்பவருக்கு இட்லியும் சட்னியும் போதும். ஆகாது என்பவர் டவுனிலிருந்தே புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொண்டு போவதுதான் நிம்மதி.

எங்கள் ஆபீஸில் கணக்கு சரிபார்க்க வரும் ஒரு அக்கா மூன்று வருஷமாக இந்தக் கரையில் தனியாகச் சுற்றுகிறார். அவர் சொன்னதைச் சொல்கிறேன். பகலில் எந்தக் கடையிலும் பிரச்சினை இல்லை, கேட்டால் பேமிலி ரூமில் உட்கார வைப்பார்கள், இல்லாத கடையில் கல்லாவுக்கு அருகே உட்காரலாம். ராத்திரிப் புரோட்டாக் கடை பெரும்பாலும் ஆண்கள் கூட்டம். அவர் ஏழு மணிக்கே போய் பார்சல் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்துவிடுவார். கடை பிடித்திருந்தால் அடுத்த தடவையும் அங்கேயே போவார். இரண்டாம் தடவை போனாலே "வாங்கக்கா" என்று முகம் பார்த்து நல்ல துண்டாக வைப்பார்களாம்.

படி 9: பில்லும் பேட்டாவும் (தினப்படி)

பெரிய ஹோட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம் போட்ட பில் வரும். சின்னக் கடைகள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருக்கலாம். அவர்கள் வாடிக்கையாளரிடம் வரி தனியாக வாங்கக் கூடாது. வரியில்லாத பில் என்று உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவு முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள். கம்பெனி ஜிஎஸ்டி நம்பரைப் போட்டு வாங்குவதிலும் பொதுவாக லாபமில்லை, சாப்பாட்டுச் செலவில் கட்டிய வரியைக் கம்பெனி தன் வரியில் கழித்துக்கொள்ள (உள்ளீட்டு வரி) சட்டமே தடை வைத்திருக்கிறது.

கொட்டகைக் கடையில் பில்லே கிடையாது. சிகரெட் அட்டையின் பின்னால் பேனாவில் எழுதித் தருவார்கள். எங்கள் ஆபீஸ் அப்படி மூன்று துண்டுச் சீட்டைத் திருப்பி அனுப்பியது. அதிலிருந்து இரண்டு வேலை செய்கிறேன்: யுபிஐ-யில் காசு போட்டு, குறிப்பில் "மதியம், பாம்பன்" என்று எழுதுவது. தினப்படியாகத் தொகை வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தால் அதை எடுப்பது. நாலு பேர் குழுவாகப் போனால் எடுப்புச் சாப்பாடு (பார்சல் சாப்பாடு) வாங்குங்கள். ஒரு எடுப்பு இரண்டு பேருக்குத் தாராளமாக வரும், பேட்டாவும் மிஞ்சும். தனுஷ்கோடிப் பக்கம் சிக்னல் எந்த நேரமும் போகும், அங்கே ரொக்கம் வேண்டும்.

படி 10: திரும்பும் போது

வீட்டுக்கு வாங்கிப் போவதானால் கீழக்கரைத் தொதல். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் இனிப்பும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டிச் செய்வது, பயணத்தில் கெடாது. சாயல்குடிப் பக்கம் பனங்கருப்பட்டி. கருவாடு வாங்கினால் இரண்டு பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் ஒரு செய்தித்தாள், அதற்கு மேல் இன்னொரு கவர். மதுரை பஸ்ஸில் ஏசி வண்டியாகப் பார்த்து ஏறாதீர்கள். போன மாதம் பரமக்குடி தாண்டும்போது கண்டக்டர் என் சீட்டுப் பக்கம் வந்து, பையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "சூடையா, நெத்திலியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.